விமானத்துக் கோப்பி ஏன் வாய்க்குப் பிடிப்பதில்லை?

கேள்வி இதுதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர் தன் அம்மாவை ரொறன்ரோவில் உள்ள தங்கையிடம் அனுப்பப் போகிறார். அம்மாவுக்குக் காலையும் பின்னேரமும் கோப்பி இல்லாவிட்டால் தலையிடி. ஆனால் விமானத்தில் தரும் கோப்பியை ஒரு மிடறுக்கு மேல் அவரால் குடிக்க முடிவதில்லை. உயரத்தில் தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்காது, அதனால்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, அந்தத் தண்ணீரை நம்பிக் குடிக்கலாமா, பிசினஸ் கிளாஸுக்கு மட்டும் எப்படி நல்ல கோப்பி வருகிறது, அம்மாவுக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறார்.

நான் விமானப் பணிப்பெண்ணாக வேலை செய்தவள். இப்போது கொழும்பில் கோப்பி வறுத்து விற்கிறேன். இந்தக் கேள்வியின் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கொதிநிலைக் கதை. எல்லாரும் சொல்வது அதைத்தான், அது பாதிதான் சரி. விமானம் 35,000 அடிக்கு மேலே பறந்தாலும் நாம் இருக்கும் அறைக்குள் அந்த உயரத்துக் காற்று இல்லை. உள்ளே காற்றை அழுத்தி வைத்திருப்பார்கள். சாதாரணப் பறப்பில் அந்த அழுத்தம் 8,000 அடி மலையில் இருக்கும் அழுத்தத்தை விடக் குறையக் கூடாது என்பது விதி. 8,000 அடி என்றால் சுமார் 2,440 மீற்றர். நம்முடைய பிதுருதலாகல உச்சி 2,524 மீற்றர். ஆக, மிக மோசமான நிலையிலும் அந்த உச்சிக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருப்பது போன்ற காற்றுத்தான் உள்ளே. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புது விமானங்களில் அது 6,000 அடியளவுக்கு இறங்கிவிடும். அது நுவரெலியா நகரின் உயரம்.

8,000 அடியில் தண்ணீர் ஏறத்தாழ 92 பாகை செல்சியஸில் கொதிக்கும். 6,000 அடியில் 94 பாகை. கோப்பி வடிக்க உகந்த சூடு என்று தொழிலில் சொல்வது 90 முதல் 96 வரை. கடல் மட்டத்தில்கூட நாங்கள் கொதித்த தண்ணீரை உடனே ஊற்ற மாட்டோம், சற்று ஆறவிட்டுத்தான் ஊற்றுவோம். அப்படியென்றால் உயரம் கோப்பியைக் கெடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா சுமார் 2,350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கோப்பி பிறந்த நாட்டின் தலைநகரம் அது. அங்குள்ள வீடுகளில் கொட்டையை அடுப்பில் வறுத்து, இடித்து, மண் குடத்தில் காய்ச்சித் தருகிற கோப்பிக்கு உலகத்தில் ஈடு கிடையாது. விமான அறையில் இருக்கும் அதே காற்றழுத்தத்தில்தான் அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சுகிறார்கள். நுவரெலியாவில் குடிக்கும் தேத்தண்ணியையும் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. வானத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் மற்ற எல்லாருக்கும் வசதி, அவ்வளவுதான். குறை பெரும்பாலும் இயந்திரத்திலும் தண்ணீரிலும், கோப்பி காத்துக் கிடக்கும் நேரத்திலும் இருக்கிறது. மிச்சம் நம் மூக்கில்.

இயந்திரத்தைப் பார்ப்போம். விமானக் குசினியில் கோப்பி வடிக்கும் பெட்டி, சுவரில் உள்ள மாடத்துக்குள் அச்சாகப் பொருந்தி நிற்கும் ஒரு உலோகப் பெட்டி. முன்னால் ஒரு நெம்புகோல். அதைத் தூக்கினால் இழுப்பறை போல ஒரு கிண்ணம் வெளியே வரும். கோப்பித்தூள் வடிதாளோடு சேர்த்துத் தைத்த பையாக, தலையணை மாதிரித் தட்டையாக, வெள்ளிநிற உறைக்குள் இருக்கும். உறையைக் கிழித்து அந்தப் பையைக் கிண்ணத்தில் வைத்து, உள்ளே தள்ளி, கீழே கூசாவை வைத்து, நெம்புகோலை இறக்கிப் பொத்தானை அமத்தினால் சில நிமிடத்தில் கூசா நிறையும். இதில் பணியாளர் தன் கைப்பக்குவத்தைக் காட்ட ஒரு இடமும் கிடையாது. தூளின் அளவு, அரைத்த பருமன், தண்ணீரின் சூடு, விழும் வேகம் எல்லாம் முன்கூட்டியே தீர்மானித்தவை. பை அவசரத்தில் மடிந்து உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிவிடும். அந்தக் கூசா வெளிறிப்போய் வரும். மடியாமல் விரலால் நீவி வைத்தால் கொஞ்சம் நன்றாக வரும். நான் வேலை பழகியபோது ஒரு மூத்த அக்கா சொல்லித் தந்த ஒரே கோப்பிப் பாடம் இதுதான், இன்றைக்கும் அது சரியென்றே நினைக்கிறேன்.

இந்த இயந்திரங்கள் தண்ணீரைக் கொதிநிலைக்குச் சற்றுக் கீழேயே நிறுத்திக்கொள்ளும். குலுங்கும் விமானத்தில் கொதிக்கும் நீரும் ஆவியும் யாருக்கும் வேண்டாத வினை. அதாவது மேலே கிடைக்கக்கூடிய 92, 94 பாகையைக்கூட முழுதாகப் பாவிப்பதில்லை. பைக்குள் வந்து சேரும்போது சூடு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சூடு குறைந்தால் தூளில் இருந்து கரைய வேண்டியது முழுதாகக் கரையாது. நல்ல கோப்பியில் தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை தண்ணீருக்குள் இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 55, 60 கிராம் தூள் என்பதும் அப்படியே. இந்த இரண்டில் எது குறைந்தாலும் கோப்பி நீர்த்துப்போகும். அதனால்தான் விமானங்களுக்கு வாங்கும் கோப்பி பெரும்பாலும் கடுமையாக வறுத்ததாக இருக்கிறது. கருக வறுத்த கொட்டை சுலபமாகக் கரையும், நிறம் உடனே வரும், பார்ப்பதற்குக் கோப்பி போல இருக்கும். ஆனால் கொட்டைக்கே உரிய பழவாசமும் மெல்லிய புளிப்பும் வறுவலிலேயே போய்விடும். நீர்த்ததும் கசந்ததும் ஒரே கோப்பையில் சேர்ந்து வருவது இப்படித்தான். உங்கள் அம்மா ஒரு மிடறோடு வைத்துவிடுவதற்கு இதுவே போதுமான காரணம்.

சரி, ஏன் நல்ல இயந்திரம் வைக்கக் கூடாது? வைக்கலாம், ஆனால் கடையில் வாங்கிய இயந்திரத்தைக் கொண்டுபோய் வைக்க முடியாது. விமானத்தின் மின்சாரம் 115 வோல்ற், 400 ஹேர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அதோடு, அவசரமாகத் தரையிறங்கும்போது முன்பக்கமாக ஒன்பது மடங்கு புவியீர்ப்பு விசை வந்தாலும் குசினிச் சாமான் எதுவும் பிய்த்துக்கொண்டு பறக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இந்தச் சோதனைகளைத் தாண்டி வரும் ஒவ்வொரு பெட்டியும் விலையில் பல மடங்கு. ஆகவே ஒருமுறை பொருத்தியதை லேசில் மாற்ற மாட்டார்கள்.

பிறகு காத்துக் கிடக்கும் நேரம். இருநூறு முந்நூறு பேருக்குச் சாப்பாட்டோடு கோப்பி கொடுக்க வேண்டும் என்றால் ஒவ்வொருவருக்கும் புதிதாக வடிக்க முடியாது. கூசாக்களை நிரப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் நடைபாதைக்குள் போவோம். முதல் வரிசைக்குக் கிடைப்பது அப்போது வடித்தது. முப்பதாவது வரிசைக்குப் போகும்போது அதே கோப்பி அரை மணித்தியாலம் பழையது. வடித்த கோப்பி சூட்டில் நிற்க நிற்க அதன் வாசனை பறந்துகொண்டே இருக்கும், உள்ளே உள்ள அமிலங்கள் மாறிக் கசப்பும் ஒருவித உறுத்தும் புளிப்பும் ஏறிக்கொண்டே போகும். கொழும்பில் கலியாண மண்டபங்களில் பெரிய கொதிகலனில் காலையில் போட்டு மத்தியானம் வரை வைத்திருக்கும் கோப்பியைக் குடித்தவர்களுக்கு அந்தச் சுவை தெரியும். அது எந்த உயரமும் இல்லாமலே அப்படித்தான் இருக்கிறது.

இனித் தண்ணீர். கேட்டவரின் கவலை பாதுகாப்பைப் பற்றியது, ஆனால் சுவைக்கும் இதுவே பெரிய சங்கதி. ஒரு கோப்பைக் கோப்பியில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியும், அம்பத்தளையில் களனி ஆற்றில் எடுத்துச் சுத்திகரித்து வரும் கொழும்புத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியும் ஒரே தேயிலையாக இருந்தாலும் வேறு வேறாக இருக்கும். ஊரில் இருந்து வந்து கொழும்பில் குடியேறிய எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். விமானம் நிலையத்துக்கு நிலையம் தண்ணீர் ஏற்றுகிறது. விமானத்தின் வெளிப்புறத்தில் ஒரு சிறிய கதவு இருக்கும், அதைத் திறந்து தண்ணீர் பவுசரின் குழாயை மாட்டி நிரப்புவார்கள். ஏர்பஸ் ஏ320 போன்ற சிறிய விமானத்தில் 200 லீற்றர் பிடிக்கும் தாங்கி. அதில் இன்று ஒரு நாட்டின் மென்நீர், நாளை இன்னொரு நாட்டின் கடல்நீரைச் சுத்திகரித்த நீர், எல்லாவற்றிலும் குளோரின். கோப்பியின் சேர்மங்கள் குளோரினோடு சேர்ந்தால் மருந்துக்கடை வாசம் போல ஒன்று வரும். இயந்திரங்களில் வடிகட்டி இருந்தாலும் அதை நேரத்துக்கு மாற்றினால்தான் பலன். எந்த நிறுவனமும் தன் கோப்பிக் கொட்டையின் பெயரைப் பெரிதாக அச்சடித்துக்கொள்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதியதை நான் கண்டதில்லை. கோப்பிக்காரியாக எனக்கு இதில்தான் மனக்குறை.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். விமானத் தண்ணீரைப் பற்றிய பயம் காற்றில் முளைத்தது கிடையாது. 2004ல் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பயணிகள் விமானங்களின் தண்ணீரைச் சோதித்தபோது ஏறத்தாழ 15 சதவீத விமானங்களில், தண்ணீர் அசுத்தமாகியிருக்கலாம் என்பதற்கு அறிகுறியான கோலிபோம் பக்டீரியா இருந்தது தெரியவந்தது. அதன் பிறகு 2009ல் விமானக் குடிநீருக்கென்றே தனி விதி கொண்டுவந்தார்கள். தாங்கியைக் குறித்த இடைவெளிகளில் கிருமிநீக்கி கொண்டு கழுவ வேண்டும், மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும், கழுவுவதைக் குறைத்தால் சோதனையைக் கூட்ட வேண்டும் என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனத்துக்கும் விமானச் சுகாதாரம் பற்றி ஒரு வழிகாட்டி உண்டு, அதன் மூன்றாம் பதிப்பு அதே 2009ல் வந்தது. ஆகவே யாரும் பார்க்காத தண்ணீர் என்று சொல்ல முடியாது. ஆனால் பார்க்கும் அக்கறை நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

விமானப் பணியாளர்கள் ஒருவரும் அந்தக் கோப்பியைக் குடிப்பதில்லை என்று ஒரு பேச்சு எப்போதும் உலவுகிறது. என்னோடு வேலை செய்தவர்களில் பலர் குடித்தார்கள், சிலர் குடிக்கவில்லை. நான் குடித்தேன். கோலிபோம் போன்ற பக்டீரியாக்கள் 70 பாகைக்கு மேலே தாக்குப்பிடிப்பவை இல்லை, கோப்பி வடியும் சூடு அதைவிட அதிகம். உடல்நலம் சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கு விமானக் கோப்பியால் ஆபத்து என்று நான் சொல்ல மாட்டேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்றியவர்கள், கைக்குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் மட்டும் தாங்கித் தண்ணீரைத் தவிர்த்து, மூடி உடைக்காத போத்தல் தண்ணீரைக் கேட்டு வாங்குவது புத்தி. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதென்றால், கழிப்பறைக் குழாயில் வரும் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்க வேண்டாம். பல் துலக்கவும் போத்தல் தண்ணீர் நல்லது.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் மேலே கோப்பி கீழே போல இருக்காது. அதற்குக் காரணம் நாமேதான். விமான அறையின் ஈரப்பதன் பொதுவாக 10 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்கும், நீண்ட பயணத்தில் இன்னும் இறங்கும். கொழும்பின் காற்றில் எழுபது எண்பது சதவீத ஈரத்தோடு வாழ்ந்து பழகிய மூக்குக்கு அது பாலைவனம். கோப்பியின் சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு வாசனை. விழுங்கும்போது தொண்டைக்குப் பின்னால் மேலேறி மூக்கைத் தொடும் வாசனை. மூக்கின் ஈரப்படலம் காய்ந்தால் அது எட்டாது, நாக்கு தனியாக நிற்கும். கோப்பியில் நாக்குக்குத் தெரிவதோ கசப்பும் புளிப்பும் இனிப்பும்தான்.

இதை ஜெர்மனியில் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஹோல்ஸ்கிர்ஹென் என்ற ஊரில் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனம் ஒரு ஏர்பஸ் ஏ310 விமானத்தின் உடற்பகுதியை ஒரு பெரிய அழுத்த அறைக்குள் வைத்திருக்கிறது. ஜெர்மன் விமான நிறுவனமான லுப்தான்சாவுக்காக 2010 அளவில் அதற்குள் ஆட்களை இருத்தி, காற்றழுத்தத்தையும் ஈரத்தையும் குறைத்து, இரைச்சலும் கொடுத்துச் சாப்பிட வைத்தார்கள். உப்பும் இனிப்பும் கணிசமாக மங்கின. கசப்பும் புளிப்பும் ஏறத்தாழ அப்படியே நின்றன. ஏலக்காய், கறிச் சரக்கு போன்ற காரமான வாசனைகளும் மற்றவற்றை விட நன்றாகத் தாக்குப்பிடித்தன. 2015ல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த இன்னொரு ஆய்வில் 85 டெசிபெல் அளவு இரைச்சல் மட்டுமே இனிப்பைக் குறைத்துக் காட்டப் போதும் என்று கண்டார்கள். விமானத்தின் எஞ்சின் பக்கத்தில் இருக்கை கிடைத்தால் கிட்டத்தட்ட அந்த இரைச்சல்தான்.

இதைக் கோப்பியோடு பொருத்திப் பாருங்கள். வாசனை போய்விட்டது, இனிப்பு மங்கிவிட்டது, கசப்பு மட்டும் குறையாமல் நிற்கிறது. வீட்டில் ஒரு கரண்டி சீனி போடுபவர் மேலே இரண்டு போட்டும் கசக்கிறது என்பார். அவர் சொல்வது முழுக்க உண்மை.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். விமானத்தில் தருவது சிறு சிமிழில் அடைத்த, அதிக சூட்டில் பதப்படுத்திய பால், அல்லது பால்மா. சிமிழின் தகட்டைக் கிழிக்கும்போது சட்டையில் தெறிப்பதற்கு, உள்ளே அடைபட்டிருக்கும் தரைமட்டக் காற்றின் அழுத்தம்தான் காரணம். சிமிழை நிமிர்த்திப் பிடித்து, ஒரு மூலையை மட்டும் மெல்ல நீக்கிக் காற்றைப் போகவிட்டு மிச்சத்தைத் திறந்தால் தெறிக்காது. பால்மாக் கோப்பிக்குப் பழகிய நம் ஆட்களுக்கு அந்தப் பாலின் சுவை பெரிய குறையாகத் தெரியாது. உண்மையில் விமானக் கோப்பிக்குப் பால் நல்லது. பாலின் கொழுப்பும் புரதமும் கசப்பைத் தணிக்கும்.

சிலர் கோப்பி ஆறிப்போய் வருகிறது என்று கோபிப்பார்கள். அதற்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கிறது. 2015ல் மயோர்காவில் இருந்து வியன்னாவுக்குப் போன ஒரு விமானத்தில் தந்தையின் தட்டில் இருந்த சூடான கோப்பி சரிந்து பக்கத்தில் இருந்த சிறுமியைச் சுட்டுவிட்டது. விமானம் குலுங்கியதாகவும் நிரூபணம் இல்லை, கோப்பை பழுதென்றும் நிரூபணம் இல்லை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2019 டிசம்பரில் அதையும் விமான நிறுவனம் பொறுப்பேற்க வேண்டிய விபத்தாகவே கருத வேண்டும், அது விமானப் பயணத்துக்கே உரிய ஆபத்தாக இருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு வந்தது. நெருக்கி உட்கார்ந்திருக்கும் வரிசைகளுக்குள் கொதிக்கக் கொதிக்கக் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. எனக்கும் வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் விமானக்காரர் பக்கம்.

பிசினஸ் கிளாஸில் என்ன வித்தியாசம்? தண்ணீர் பெரும்பாலும் அதே தாங்கியில் இருந்துதான். ஆனால் பல நிறுவனங்கள் அங்கே சிமிழ்க் கோப்பி இயந்திரம் வைத்திருக்கின்றன. காற்றுப் புகாமல் அடைத்த தூள், ஒரு கோப்பைக்கு ஒரு சிமிழ், பம்பு கொடுக்கும் அழுத்தத்தில் அரை நிமிடத்தில் இறங்கும். கூசாவில் காத்துக் கிடப்பது இல்லை. பீங்கான் கோப்பையில், மூடியில்லாமல் தருவதால் கொஞ்ச நஞ்சம் மிஞ்சும் வாசனையும் மூக்குக்கு வரும். அவ்வளவுதான் இரகசியம். சாதாரண வகுப்பிலும் உடனே வடித்து உடனே கொடுத்தால் பாதித் தூரம் போய்விடலாம்.

சில நிறுவனங்கள் இதில் அக்கறை எடுத்திருக்கின்றன. யுனைட்டட் 2016ல் இத்தாலிய இல்லி கோப்பிக்கு மாறியது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2023ல் போட்லண்டில் கோப்பி வறுக்கும் ஸ்டம்ப்டவுன் நிறுவனத்தோடு சேர்ந்து, உயரத்தில் எப்படிச் சுவைக்கிறது என்று பார்த்து வறுவலை மாற்றியமைத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2013ல் டுவினிங்ஸோடு சேர்ந்து மேலே குடிப்பதற்கென்றே ஒரு தேயிலைக் கலவை செய்தது. எனக்குப் பிடித்தது அலாஸ்காவின் வழி. பெயருள்ள கொட்டையை வாங்கிப் பழைய முறையில் வடிப்பதால் ஒன்றும் மாறாது. வறுவலை மேலே வைத்துக் குடித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. கொழும்பில் இருந்து புறப்படும் விமானத்தில் ஏன் இலங்கைக் கோப்பி மணக்கக் கூடாது? தேயிலைக்கு முன்னால் இந்த மலைகள் முழுதும் கோப்பிதான். மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்த மலையகத் தமிழரின் முன்னோர்கள் வந்தது கோப்பி பறிக்க. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். 1869ல் இலைத்துரு நோய் வந்து, அடுத்த இருபது வருடங்களுக்குள் அந்தப் பயிரையே துடைத்துவிட்டது. அதன் பிறகுதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இன்றைக்குக் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கத்தில் சிறு தோட்டக்காரர்கள் மறுபடி அரபிக்கா வளர்க்கிறார்கள். நான் அவர்களிடம் வாங்கி வறுக்கிறேன், நல்ல கொட்டை அது. ஒரு வகுப்புக்காவது, ஒரு பயணத்துக்காவது அதைக் கொடுக்க நினைக்கும் நிறுவனம் வந்தால் நான் என் வறுவலைக் காசு வாங்காமலே சோதிக்கத் தருவேன்.

இனி அம்மாவுக்கு. கொழும்பில் இருந்து ரொறன்ரோவுக்கு நேரடி விமானம் கிடையாது. டோகாவிலோ டுபாயிலோ லண்டனிலோ மாற வேண்டும். அந்த இடைத்தங்கலில் நல்ல கோப்பி கிடைக்கும், ஆகவே தலையிடி வராமல் காப்பாற்றும் கோப்பியை அங்கே குடிக்கட்டும். விமானத்துக்குள் சாப்பாட்டோடு வரும் கோப்பிக்கு முண்டியடிக்க வேண்டாம். எல்லாத் தட்டும் எடுத்து, குசினி அமைதியான பிறகு, பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, "மகள், புதுசா வடிக்கும்போது எனக்கும் ஒரு கோப்பை தருவீங்களா" என்று கேட்கச் சொல்லுங்கள். மொழி தெரியாவிட்டால் ஒரு துண்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள். அவசரம் இல்லாத நேரத்தில் கேட்டால் அநேகமாக யாரும் மறுக்க மாட்டார்கள். வயதான ஒருவர் மரியாதையாகக் கேட்டதற்காகப் புதுக் கூசா போட்டுக் கொடுத்தவர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன், நானும் போட்டிருக்கிறேன். தரையிறங்கப் போகும் கடைசி முக்கால் மணித்தியாலத்தில் கேட்க வேண்டாம். அப்போது இயந்திரத்தை நிறுத்திக் கூசாக்களைப் பூட்டி வைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கசப்புக்கு ஒரு வேலை செய்யலாம். சாப்பாட்டுத் தட்டில் வரும் உப்புப் பொட்டலத்தில் நாலைந்து பரல் மட்டும் எடுத்துக் கோப்பியில் போடச் சொல்லுங்கள். உப்புச் சுவை தெரியக் கூடாது, அந்த அளவு. உப்பில் உள்ள சோடியம் நாக்கில் கசப்பை அடக்கும். இரண்டாவது கரண்டி சீனியை விட இது நன்றாக வேலை செய்யும்.

எல்லாவற்றையும் விட நான் நம்பிச் சொல்வது இது. வீட்டுக் கோப்பித்தூளைக் கொடுத்துவிடுங்கள். யாழ்ப்பாணத்து முறையில் மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்து இடித்த தூள். காய்ந்த மூக்கு கோப்பியின் மென்மையான வாசனையைத் தவறவிட்டாலும் சுக்கின் காரத்தைத் தவறவிடாது. அது வாசனையாக மட்டும் வருவது கிடையாது, நாக்கிலும் தொண்டையிலும் உறைப்பாகவே உணரப்படும். மல்லியும் கூட நிற்கும். கீழே வீட்டில் எப்படி இருந்ததோ அதற்கு மிகக் கிட்டத்தில் மேலே வந்து நின்ற கோப்பி என் அனுபவத்தில் இது ஒன்றுதான். செய்முறையும் சுலபம். பணிப்பெண்ணிடம் அரைக் கோப்பைக்குச் சற்று அதிகமாகச் சுடுதண்ணி வாங்கி, குவித்த தேக்கரண்டி தூளைப் போட்டு ஒரு கலக்குக் கலக்கி, மேலே இன்னொரு கோப்பையையோ தாள் கைத்துண்டையோ வைத்து ஐந்து நிமிடம் மூடி வைக்க வேண்டும். மண்டி அடியில் தங்கிவிடும். நம் ஊரில் கோப்பித்தூளை நேரே கோப்பையில் போட்டுத் தெளியவிட்டுக் குடிப்பது போலத்தான். தூள் மிகவும் நைசாக இருந்தால் நல்லது, தண்ணீர் முழுச் சூட்டில் இல்லாவிட்டாலும் அது இறங்கும். கடைசி இரண்டு மிடறை விட்டுவிடட்டும். இருக்கைப் பட்டி விளக்கு எரியும்போது இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

தூளைச் சின்ன, மூடி இறுகும் டப்பாவில் போட்டு, மேலே என்னவென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் மேலே போகும்போது ஊதிப் பிரிந்து கைப்பை முழுதும் கொட்டும். கைப்பைக்குள் நூறு கிராமுக்கு மேல் தேவைப்படாது. அமெரிக்கா வழியாகப் போவதென்றால் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட அளவுள்ள தூள் வகைகளைத் தனியாகச் சோதிப்பார்கள், திருப்தியில்லாவிட்டால் கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள். 2018ல் இருந்து இந்த நடைமுறை இருக்கிறது. தங்கைக்கென்று ஒரு கிலோ கொடுத்துவிடும் எண்ணம் இருந்தால் அதைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள்.